நிறுத்து என்று யாரும் கை காட்டலாம்

முத்தையாபுரம்,
9 ஜூன் 2025

வடிவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத வந்த கை நின்றுவிட்டது. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை பாடு.

நேற்று நான் மீன் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு ஆத்தூருக்கு பஸ் ஏறிவிட்டாய். ஒரு சொல் சொல்லவில்லை. சரி, கேட்போம் என்று உன் நம்பருக்கு அடித்தால் மணி வீட்டுக்குள்ளேயே கேட்கிறது. கட்டிலுக்கு அடியில் தேடினேன், சாமி அலமாரியில் தேடினேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு இன்பமணி கறிவேப்பிலை கேட்டு வந்தாள். அவளோடு நான் பேசிக்கொண்டு நிற்கும்போதே, உன் போனில் நான் பதிந்து வைத்த அலாரம் அரிசி டிரம்முக்குள்ளிருந்து என் குரலில் கத்தியது: "ஏளா வடிவு, உக்காந்தது போதும், எந்திரி, நட." என் வாய் மூடியிருக்கிறது, என் குரல் டிரம்முக்குள் கேட்கிறது. இன்பமணி கறிவேப்பிலையைப் போட்டுவிட்டு ஓடினாள். தெருவில் என்ன சொல்லி வைத்திருக்கிறாளோ தெரியவில்லை.

உன் தம்பி லிங்கராஜுக்கு அடித்தேன். "அக்கா பேச மாட்டேங்கா அத்தான். சொல்லுதத எழுதச் சொல்லுதா" என்கிறான். எழுதுகிறேன். ஆத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வெற்றிலைக் கட்டோடு வருகிற சுடலைக்கண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பதிலை அவனிடமே கொடு.

சண்டை போட எனக்கு நேரமில்லை, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் உன் முழங்கால் வலிக்கும் என் பிரஷருக்குமாக டவுனில் டாக்டரைப் பார்த்தோம். உன்னைப் பார்த்து முடித்து வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். மூளைக்குப் போகிற ரத்தம் போதவில்லை, பழக்கத்தை மாற்றாவிட்டால் ஆபத்து. வெளியே வந்து அப்படியே உன்னிடம் சொன்னேன். நீ எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே "எனக்கா?" என்று கேட்டாய். உனக்குத்தான் என்றேன். குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டது யார்? அடுப்பில் பாலை வைத்துவிட்டு சீரியலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தது யார்?

உனக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது, கிரேன் தயார், ஆள் தயார். வாசலில் ஒரு லாரி பழுதாகிக் குறுக்கே நின்றால் எல்லாம் போச்சு. பின்னால் மெயின் ரோடு வரைக்கும் வரிசை நிற்கும், ஒரு மூட்டை இறங்காது. தலைக்குள்ளும் அதே கதைதான். நீ நடந்தால் லாரி ஓடும், உட்கார்ந்தே இருந்தால் நிற்கும்.

நான் அதிகாரம் பண்ணுகிறேன் என்று உனக்குக் கோபம். நாற்பது வருஷம் கிரேனுக்குக் கை காட்டின சிக்னல்மேன் நான். தூக்கு, இறக்கு, நகர்த்து, எல்லாம் என் கையைப் பார்த்துத்தான் நடந்தது. ஒரு கிரேனுக்கு ஒருத்தன்தான் கை காட்ட வேண்டும். ரெண்டு பேர் காட்டினால் சரக்கு யார் தலையிலாவது இறங்கும். வீட்டுக்கும் அதே விதிதான்.

ஆத்தூர் போய்விட்டதால் லீவு கிடையாது. காலையில் ஆற்றங்கரையில் வியர்க்க வியர்க்க நட. உன் தம்பி பெண்டாட்டி பிரேமாவோடு கதை பேசிக்கொண்டு ஊர்வது நடை ஆகாது. தாகத்துக்குக் காத்திருக்காமல் தண்ணீர் குடி. கருவாட்டைத் தொடாதே, ஊறுகாய் இருக்கிற திசையைப் பார்க்காதே. சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து நில். நேரத்தோடு படு. வியாழக்கிழமைக்குள் வீடு வந்து சேர்.

இப்படிக்கு,
மாசானம்


ஆத்தூர்,
10 ஜூன்

ஜெயா அப்பாவுக்கு வடிவு எழுதுவது.

காலி வெற்றிலைக் கூடைக்குள் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. ஈரத்தில் மை பாதி கசிந்துவிட்டது. உங்கள் அதிகாரம் மட்டும் ஒரு சொட்டு கசியவில்லை.

போனை ஏன் டிரம்முக்குள் போட்டேன் என்று ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி எழுதுகிறீர்கள். அரை மணிக்கு ஒரு தடவை உங்கள் குரல். பஸ்ஸில் கத்துகிறது, காய்கறிக் கடையில் கத்துகிறது. பிரதோஷத்தன்று தீபாராதனை நேரத்தில் "மூச்ச நல்லா இழுத்து விடு" என்று கத்தியது. குருக்கள் கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இழுத்துவிட்டார். பாவம், பூஜை முடியும் வரை இருமினார். அந்தக் கோயிலுக்கு இனி நான் எந்த முகத்தோடு போவது?

வீடியோவில் எவனோ சொன்னான் என்று என்னைத் தரையில் படுக்கவைத்துக் காலைச் சுவரில் தூக்கி வைக்கச் சொன்னீர்கள். சிலிண்டர் கொண்டு வந்தவர் வாசலிலேயே பார்த்துவிட்டு, அக்காவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று சிலிண்டரோடு திரும்பிப் போய்விட்டார். திரும்ப அவரைப் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தினமும் விடியும் முன்னால் விசில் ஊதி எழுப்பி, உப்பளத்தைச் சுற்றி நடக்கவைத்து, வீட்டுக்கு வந்ததும் உப்பு ஜாடியைப் பூட்டி வைக்கிற ஆள் தூத்துக்குடி ஜில்லாவிலேயே நீங்கள் ஒருவர்தான்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இன்பமணி மகள் வளைகாப்பில் செய்தீர்களே, அது நியாயமா? பந்தியில் எனக்குப் பாயசம் ஊற்ற வருகிறான், நீங்கள் எதிர் வரிசையில் நின்று விசிலை ஊதி, "வடிவு, உக்காந்து அரை மணி ஆச்சு, எந்திரி" என்று ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுகிறீர்கள். ஒரு வரிசை முழுக்க எழுந்து நின்றது. பாயச வாளி இன்பமணி சம்பந்தி மடியில் கவிழ்ந்தது. போலீஸ் வந்துவிட்டது என்று சமையல்காரர் கேஸை அணைத்தார். வளையல் போட்டு உட்கார்ந்திருந்த பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் எங்கே போய் முகத்தை வைப்பேன்? அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அதே இன்பமணி வீட்டு வாசலில் அவள் கேட்க என்னிடம் மன்னிப்புக் கேட்டு, அந்த விசிலை என் கையில் கொடுங்கள். கொடுத்தால் வருவேன். இல்லையென்றால் எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. லிங்கராஜின் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறேன், குனிந்து நிமிர்கிறேன், ஆற்றுக்குப் போய்வருகிறேன். விசில் இல்லாமலே கால் நகர்கிறது.

உங்களைக் குறை மட்டும் சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அந்த வாடை ஆகாது, தலைக்குக் கெடுதல் என்று நாற்பது வருஷப் புகையிலையை ஒரே நாளில் விட்டீர்கள். அதை மட்டும் பிரேமாவிடம் சொல்லிச் சொல்லி மாய்கிறேன். "அண்ணன மாதிரி யாரு இருக்கா மயினி" என்று அவள் லிங்கராஜைப் பார்த்துக்கொண்டே கேட்கிறாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான்.

மீனை என்ன செய்தீர்கள்? ஃப்ரிட்ஜில் வைத்து மறந்திருந்தால் தூக்கிப் போடுங்கள்.

வடிவு


முத்தையாபுரம்,
12 ஜூன்

வடிவுக்கு,

விசிலைத் தர முடியாது. ஓய்வு பெற்ற அன்று எல்லாருமாக எனக்கு மாலை போட்டார்கள், சால்வை போட்டார்கள். அந்த விசில் ஒன்றுதான் நானாகக் கேட்டு வாங்கி வந்தது. வளைகாப்பைப் பொறுத்தவரை, ஊதியது சரி, ஊதின இடம்தான் சரியில்லை. இதற்கு மேல் என்னால் இறங்க முடியாது.

மீனைக் குழம்பு வைத்தேன். டாக்டர் சொன்னபடி உப்பைக் குறைத்தேன். குறைக்கிற வேகத்தில் போடவே மறந்துவிட்டேன். சட்டியைப் பின்பக்கம் வைத்தால் பூனை முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்தை ஒரு பார்வை பார்த்தது. நீ பார்க்கிற அதே பார்வை.

நடையும் சரியாக அமையவில்லை. தனியாகப் போனால் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், "என்ன அண்ணாச்சி, ஒடம்புக்கு என்ன, தனியா நடக்கிய?" என்று கேட்கிறார்கள். நீ கூட இருக்கும்போது ஒருத்தரும் கேட்டதில்லை. வீட்டுக்காரியை நடக்கவைக்கிறார் என்று போய்விடுவார்கள். ஆளாளுக்குப் பதில் சொல்ல முடியாமல் பாதியிலேயே திரும்பிவிடுகிறேன்.

நேற்று ஜெஸ்டின் வந்திருந்தான். என் கையைப் பார்த்துக் கிரேன் ஓட்டினவர்களில் அவன் ஒருத்தன்தான் இன்னும் வேலையில் இருக்கிறான். ஒரு பெட்டி மக்ரூன் கொண்டு வந்தான். நான் தொடவில்லை. ஒன்றே ஒன்றுதான். பழைய கதையெல்லாம் பேசினோம். டீ வாளி தூக்கிக்கொண்டு வருகிற ரீனாவை உனக்கு நினைவிருக்கும். ஒரு நாள் நான் "தூக்கு" என்று காட்டிக்கொண்டிருக்கும்போது அவள் எங்கேயோ நின்று கையை விரித்து ஆட்டினாள். ஜெஸ்டின் சட்டென்று நிறுத்திவிட்டான். பார்த்தால் எனக்கு மறைவான பக்கத்தில் கயிறு நழுவிக்கொண்டிருக்கிறது, கீழே ஒருத்தன் நிற்கிறான். நான் ரீனா மேல் கோபப்படவில்லை, அவளிடம் டீ வாங்கிக் குடித்தேன். ஏன் தெரியுமா? தூக்கு என்று சொல்லத்தான் ஒருத்தன். நிறுத்து என்று யார் கை காட்டினாலும், டீ விற்கிற பெண் காட்டினாலும், கிரேன் நின்றாக வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் நின்ற பிறகுதான். துறைமுகத்தில் அப்படி ஒரு ஒழுங்கு உண்டு. நம் வீட்டில் அது இல்லை என்பதுதான் என் வருத்தம்.

புகையிலைக்காக நீ என்னைப் புகழ வேண்டியதில்லை. அதுதானே டாக்டரின் முதல் பேச்சே. "புகையிலைய இன்னைக்கே விட்டாகணும், மத்ததெல்லாம் பொறவு" என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னார். பெரிய மனுஷர் அப்படிச் சொன்ன பிறகு விடாமல் இருக்க முடியுமா?

சட்டைகளை எங்கே வைத்திருக்கிறாய்? பீரோவில் உன் சேலைகள்தான் இருக்கின்றன.

மாசானம்


ஆத்தூர்,
14 ஜூன்

ஜெயா அப்பாவுக்கு,

சட்டை மொட்டைமாடிக் கொடியில் காய்கிறது. நான் வந்த அன்றிலிருந்து காய்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். பூனையில் சிரித்தேன், மக்ரூனில் சிரித்தேன். புகையிலைக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பப் படித்தேன். பிரேமாவிடம் கொடுத்து அவளையும் படிக்கச் சொன்னேன்.

எனக்கு மூளைக்கு ரத்தம் போதவில்லை என்றால், புகையிலையை விடச் சொல்லி டாக்டர் ஏன் மேஜையைத் தட்ட வேண்டும்? நான் என்றைக்குப் புகையிலை போட்டேன்? பல்லுக்குக் கிராம்பு வைத்தாலே எனக்குத் தலை சுற்றும்.

எனக்காக விட்டீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். பிரேமா என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். லிங்கராஜ் நிம்மதியாக இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிடுகிறான்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. டாக்டர் எனக்கு முழங்காலுக்குத் தைலம் கொடுத்தார், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் அன்றிலிருந்து பிரஷர் மாத்திரையோடு தினமும் புதிதாக இன்னொரு மாத்திரையும் சாப்பிடுகிறீர்கள். கேட்டால் சத்து மாத்திரை என்றீர்கள். தலையில் கோளாறு எனக்கு என்றால், மாத்திரை உங்களுக்கு, நடை எனக்கா? அது என்ன கணக்கு? நான் நடக்கும்போது நீங்களும்தான் கூடவே நடந்தீர்கள். நான் தண்ணீர் குடிக்கும்போது நீங்களும் ஒரு செம்பு குடித்தீர்கள். என்னை மேற்பார்வை பார்க்கிறார் என்று நினைத்தேன். உப்பில்லாத சோற்றை முகம் சுளிக்காமல் என்னோடு சேர்ந்து தின்றீர்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உங்களுக்கு அவ்வளவு நல்ல குணம் எங்கிருந்து வந்தது?

சுடலைக்கண்ணனிடம் நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்றுதான் கேட்டேன். அவனாகவே இன்னொன்றும் சொன்னான். "மாசானம் அண்ணாச்சி இப்பல்லாம் வெத்தலையையும் லெட்டரையும் எடது கையாலதான் வாங்குதாரு" என்றான். இடது கையால் ஒரு பிச்சைக்காரனுக்குக்கூட நீங்கள் கொடுத்ததில்லை. இடது கையை நீட்டினான் என்று மகளைப் பார்க்க வந்த மாப்பிள்ளையையே திருப்பி அனுப்பினவர் நீங்கள்.

விசில் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். டாக்டர் அன்றைக்கு யாரைப் பற்றிச் சொன்னார்? அதை மட்டும் எழுதுங்கள்.

வடிவு


முத்தையாபுரம்,
18 ஜூன்

வடிவுக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் வேலை. சட்டையை எடுத்தேன், மடித்தேன், இப்படி ஆயிரம் வேலை.

வெற்றிலை கொண்டு வரச் சொன்னால் வீட்டை வேவு பார்க்கிற சுடலைக்கண்ணனைப் பற்றி லிங்கராஜிடம் சொல்லி வை. வலது கையில் குடை இருந்தது, இடது கையால் வாங்கினேன். ஜூன் மாதம் முத்தையாபுரத்தில் எதற்குக் குடை என்று கேட்பாய். வெயிலுக்கு.

டாக்டர் பொதுவாகச் சொன்னார். புகையிலை எல்லாருக்கும் கெடுதல், போடுகிறவனுக்கும் கெடுதல், போடாதவளுக்கும் கெடுதல் என்று சொன்னார். எனக்கு ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். எனக்கு ஒன்றுமே இல்லை. இதை எத்தனை தடவை எழுத வேண்டும் என்று சொல், எழுதி அனுப்புகிறேன்.

இன்னொன்று. கழுத்து வழியாக மூளைக்குப் போகிற ரத்தக்குழாயை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உன் கழுத்துதான். அதற்குப் போன வியாழக்கிழமைக்கு நாள் வாங்கியிருந்தேன். நீ இல்லாததால் தள்ளிப் போட்டாயிற்று. எல்லாம் உன் பிடிவாதத்தால் வந்தது. அவசரம் ஒன்றுமில்லை, நீ உன் இஷ்டப்படி வா.

மாசானம்


ஆத்தூர்,
20 ஜூன், காலை

ஜெயா அப்பாவுக்கு,

எனக்கே தெரியாமல் எனக்கு ஒரு ஸ்கேனா? நேற்று லிங்கராஜ் போனை வாங்கி ஆஸ்பத்திரிக்கு அடித்தேன். அருணாசலவடிவு என்ற பெயரில் கழுத்து ஸ்கேனுக்குத் தள்ளிப் போட்ட நாள் எப்போது என்று கேட்டேன். அப்படி ஒரு பெயரே இல்லை என்றாள் நர்ஸ். தேடிப் பார்த்துவிட்டு, "மாசானம்னு ஒருத்தரு இருக்காரும்மா. ரெண்டு தடவ வரச் சொல்லியும் வரல. கூட ஆளக் கூட்டிட்டு வரச் சொல்லிருந்தோம். அவருக்கு வீட்ல ஆளு இல்லியா?" என்றாள்.

நான் என்ன சொல்வேன்? வீட்டில் ஆள் இல்லை, அரிசி டிரம்முக்குள் ஒரு போன்தான் இருக்கிறது என்று சொல்லவா? இருக்கேம்மா, நான் இருக்கேன் என்று சொல்லிவிட்டு அழுதேன். லிங்கராஜ் போனைப் பிடுங்கி மிச்சத்தைக் கேட்டுக்கொண்டான்.

உடனே உங்களுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. லிங்கராஜ் நம்பர் என்று பார்த்துவிட்டு விட்டிருப்பீர்கள். இன்பமணிக்கு அடித்தேன். "அண்ணாச்சி வாசல்ல நின்னு முருங்கைக்குத் தண்ணி விடுதாக" என்றாள். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சை இழுத்து விடு என்று நீங்கள் கத்தும்போது வராத மூச்சு.

ஏன் இப்படிச் செய்தீர்கள்? நோய் உங்களுக்கு, விசில் எனக்கா? சுவரில் கால் தூக்கிப் படுத்தது நான், சிலிண்டர்காரர் முன்னால் மானம் போனது எனக்கு. கோபம் இன்னும் போகவில்லை, போகவும் போகாது. அதைவிட ஒன்று. தனியாக நடந்தால் ஊர் கேட்கிறது என்று எழுதினீர்களே, அதைப் படித்தபோது எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. என் மூளைக்கும் ரத்தம் போதவில்லைதான் போலிருக்கிறது.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருக்காமல் அந்த நிமிஷமே 108க்கு அடியுங்கள், இன்பமணியைக் கூப்பிடுங்கள். நர்ஸ் சொன்னது இது. நாளைக் காலைக்கு ஸ்கேனுக்கு நாள் வாங்கிவிட்டேன், உங்கள் பெயரிலேயே. இன்று மத்தியானம் சுடலைக்கண்ணன் திரும்பி வருவான். ஒழுங்காகப் பதில் வந்தால்தான் பஸ் ஏறுவேன் என்று எழுத ஆசைதான். ஆனால் வந்தாலும் வராவிட்டாலும் சாயங்காலம் நான் வருகிறேன்.

வர வேண்டாம், எனக்கு ஒன்றுமில்லை என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு கிரேனுக்கு ஒருத்தன்தான் கை காட்டணும் என்று எழுதினீர்கள். சரி, தூக்கு, இறக்கு எல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்து என்று யார் வேண்டுமானாலும் காட்டலாம் என்று எழுதினதும் நீங்கள்தான். ஆத்தூர் ஆற்றங்கரையிலிருந்து ரெண்டு கையையும் விரித்துக் காட்டுகிறேன். நிறுத்துங்கள். ஏன், எதற்கு என்பதெல்லாம் நின்ற பிறகு.

வடிவு


முத்தையாபுரம்,
20 ஜூன், மத்தியானம்

வடிவு,

நிறுத்திவிட்டேன்.

சுடலைக்கண்ணன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலில் குதிக்கிறான், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். டாக்டரிடம் போனதற்கு முந்தின வாரம் ஜெஸ்டினோடு டீக்கடையில் நின்றேன். டம்ளர் கையிலிருந்து நழுவியது. பிடிக்கச் சொன்னால் வலது கை கேட்கவில்லை. ஜெஸ்டினைக் கூப்பிட வாயைத் திறந்தேன், நாக்கு புரளவில்லை. வாயில் புகையிலை என்று நினைத்து அவன் சிரித்தான். என் வாயில் ஒன்றும் இல்லை. டீ ஆறுவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. அவனிடமும் சொல்லவில்லை. ரத்தம் கொஞ்ச நேரம் அடைத்து விலகியிருக்கிறது, இது எச்சரிக்கை, அடுத்தது இப்படி விலகாமல் போகலாம் என்றார் டாக்டர். அப்போதிலிருந்து கை நன்றாகத்தான் இருக்கிறது. பயத்தில்தான் இடது கையை நீட்டுகிறேன். என் வலது கையைப் பார்த்துத்தான் நாற்பது வருஷம் எல்லாம் அசைந்தது. அது எப்போது கேட்காமல் போகும் என்று தெரியாமல் இருக்கிறேன்.

வெளியே வந்தால் நீ பெஞ்சில் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தாய். உனக்கென்று சொல்லத் தீர்மானித்தெல்லாம் வரவில்லை. நீ "எனக்கா?" என்று கேட்டாய், வாய் ஆமாம் என்றது. எனக்கென்று சொல்லியிருந்தால் நீ ஜெயாவுக்கு அடிப்பாய், அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள், சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து என்னைச் சுற்றி உட்காருவார்கள். உனக்கென்றால் நான் விசில் ஊதலாம். ஊதுகிறவரைக்கும் எனக்குப் பயம் தெரியவில்லை. நீ போன பிறகு ஸ்கேனுக்கு இரண்டு தடவை கிளம்பினேன். இரண்டு தடவையும் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பினேன். எனக்குப் பயமாக இருக்கிறது, வடிவு. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது.

சாயங்காலம் ஸ்டாப்பில் நிற்கிறேன். விசில் சட்டைப் பையில் இருக்கும், எடுத்துக்கொள். வீடு வரைக்கும் நான் முன்னால் நடக்கிறேன், நீ பின்னால் ஊதிக்கொண்டு வரலாம். இன்பமணி வாசலில் கொஞ்சம் நின்று ஊது. அவள் கேட்கட்டும்.

மாசானம்


ஸ்கேன் அறை வாசல்,
21 ஜூன்

உள்ளே போய் உட்கார்ந்ததிலிருந்து உங்களுக்குக் கை நடுங்குகிறது என்று நர்ஸ் வந்து சொன்னாள். ஏசி அதிகம் என்று சொன்னீர்களாம். சரி, ஏசிதான். டோக்கன் சீட்டின் பின்னால் எழுதி அவள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். கண்ணாடி இல்லையென்றால் அவளையே படிக்கச் சொல்லுங்கள், எனக்கு வெட்கமில்லை.

இது முடிந்ததும் டாக்டர் கூப்பிடுவாராம். இந்தத் தடவை நான் பெஞ்சில் உட்கார மாட்டேன், கூடவே உள்ளே வருகிறேன். நீங்கள் வெளியே வந்து எனக்குச் சொல்ல வேண்டிய வேலை இல்லை. அவர் என்ன சொன்னாலும் "எனக்கா?" என்று கேட்க மாட்டேன். நமக்குத்தான்.

வடிவு